ஒன்பது நாளில் வந்த கடன்: ஐந்துக்கு இரண்டு மார்க்

கல்விக் கடன் கொடுக்கிற கம்பெனிகளுக்கு ஐந்து மார்க் போடுகிறவர்கள் பெரும்பாலும் பணம் வந்த வாரத்திலேயே போட்டுவிடுகிறார்கள். நானும் 2022 செப்டம்பரில் அப்படித்தான் போட்டேன். விண்ணப்பித்த ஒன்பதாவது நாள் தம்பியின் பல்கலைக்கழகத்துக்குப் பணம் போய்ச் சேர்ந்திருந்தது. யார்தான் போடமாட்டார்கள்? அப்புறம் ஒன்றரை வருடம் வட்டியில் ஒரு பகுதி, அதற்கு மேல் பதினெட்டு மாதம் முழுத் தவணை என்று கட்டி, போன செப்டம்பரில் அந்தக் கணக்கை முடித்து வேறு வங்கிக்கு மாற்றினோம். இப்போது கேட்டால் இரண்டு மார்க். மீதி மூன்றும் எங்கெங்கே உதிர்ந்தன என்பதை எழுதுகிறேன். கம்பெனியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மாதிரி ஓடுகிற கம்பெனிகள் இன்னும் உண்டு. இதைப் படித்துவிட்டு உங்கள் கடன் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்தால் போதும்.

நான் மார்த்தாண்டத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். சம்பளம் மாதம் 16,500, பத்தாம் தேதி கைக்கு வரும். வீடு குலசேகரத்திலிருந்து இன்னும் உள்ளே. அப்பா ரப்பர் பால்வெட்டுக்காரர். எங்களுக்கும் 60 சென்டில் ரப்பர் உண்டு. பக்கத்துத் தோட்டங்களிலும் வெட்டுவார். தம்பி இன்ஜினீயரிங் முடித்து இரண்டு வருடம் அங்கே இங்கே என்று அலைந்துவிட்டு, இங்கிலாந்தில் லாஜிஸ்டிக்ஸ் எம்.எஸ்சி. படிக்கக் கிளம்பினான். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலில் நின்றது கன்னியாகுமரி மாவட்டம்தான், 91.75 சதவீதம். பிள்ளைக்குப் படிப்பு என்றால் வீட்டுப் பத்திரத்தை எடுத்து நீட்டிவிடுவார்கள். எங்களிடம் நீட்டுவதற்கு ஒழுங்கான பத்திரம் இல்லாததுதான் சிக்கல்.

வீடு நிற்கிற 11 சென்டும் தோட்டமும் தாத்தா பெயரில் கிடந்தன. அப்பாவுக்கும் இரண்டு சித்தப்பாமாருக்கும் பாகம் பிரித்து எழுதவே இல்லை. பொதுத்துறை வங்கியில் ஏழரை லட்சம் வரை ஈடு இல்லாமல் கேட்கலாம், அதற்கு மேல் என்றால் சொத்து காட்ட வேண்டும். எங்களுக்கு வேண்டியது 14 லட்சம். மேனேஜர் நல்ல மனுஷர், ஃபைலைப் புரட்டிவிட்டு, "தனிப்பட்டா இல்லாம லீகல்ல நிக்காதும்மா" என்றார். அட்மிஷனுக்கு ஆறு வாரம்தான் இருந்தது. அரசு மானியம் ஏதாவது கிடைக்குமா என்றும் பார்த்தேன். வருட வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருக்கிற வீட்டுக்கு, படிக்கிற கால வட்டியை மத்திய அரசே கட்டுகிற திட்டம் ஒன்று உண்டு. ஆனால் பிள்ளை இந்தியாவுக்குள் படிக்க வேண்டும். வெளிநாட்டுப் படிப்புக்குச் சிறுபான்மையினருக்கென்று இருந்த பதோ பர்தேஷ் வட்டி மானியத்தையும் 2022-23 முதல் நிறுத்திவிட்டார்கள். அந்தக் கதவும் எங்களுக்கு நேரத்துக்கு மூடியது.

அப்போதுதான் மார்த்தாண்டத்தில் விசா பார்த்துக் கொடுக்கிற கன்சல்டன்சிக்காரர் இந்தக் கம்பெனியைக் காட்டினார். நாகர்கோவிலில் ஒரு மாடியில் கிளை. கிளையிலிருந்து ஒரு பையன் பைக்கில் வீட்டுக்கே வந்தான். திண்ணையில் உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டே எல்லாத் தாளையும் போனில் படம் எடுத்தான். ஈடு வேண்டாம், பட்டா வேண்டாம். நானும் அப்பாவும் இணைக் கடன்தாரர். என் சேலரி ஸ்லிப்பும் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட்டும் போதும் என்றான். 16,500 சம்பளக்காரருக்கு எங்கள் முதலாளி பத்து மூட்டை சிமென்ட் கடன் கொடுக்கவே இரண்டு தடவை யோசிப்பார். என்னை நம்பி இவர்கள் 14 லட்சம் எப்படிக் கொடுக்கிறார்கள் என்று நான்தான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. வட்டி 12.75 சதவீதம், ஃப்ளோட்டிங், அதாவது ஏறி இறங்கக்கூடியது. பிராசசிங் ஃபீஸ் ஒரு சதவீதமும் அதற்கு ஜிஎஸ்டியும் சேர்ந்து 16,520. கடனுக்குள்ளேயே 22,000 ரூபாய்க்கு ஒரு இன்ஷூரன்ஸ் பாலிசியையும் சேர்த்திருந்தார்கள். அது கட்டாயமா என்று கேட்டதற்கு, "எல்லாரும் எடுப்பாங்கக்கா" என்ற பதில்தான் வந்தது.

என்ன சொன்னாலும் ஒன்பது நாள் ஒன்பது நாள்தான். சீட் போகாமல் காப்பாற்றியது இவர்கள் பணம். அதற்கு ஒரு முழு மார்க்.

முதல் அடி, அடி என்று தெரியாமலே விழுந்தது. படிப்பு ஒரு வருடம், அதற்குப் பிறகு ஆறு மாதம், ஆகப் பதினெட்டு மாதம் மொரட்டோரியம், அதாவது முழுத் தவணை தொடங்காத காலம். அதுவரை மாதம் 5,000 மட்டும் கட்டினால் போதும் என்றார்கள். நான் அதை வட்டி என்றே நினைத்துக் கட்டிக்கொண்டிருந்தேன். கணக்கு எழுதுகிறவள் செய்கிற காரியமா இது? 14 லட்சத்துக்கு 12.75 சதவீதம் என்றால் ஒரு மாத வட்டி 14,875. நான் கட்டியது 5,000. மீதி 9,875 ரூபாய் மாதாமாதம் அசலில் போய் உட்கார்ந்தது, அடுத்த மாதம் அதற்கும் வட்டி. 2024 மார்ச்சில் முதல் முழுத் தவணைக்கு முன்னால் ஸ்டேட்மென்ட் எடுத்தபோது அசல் 15,94,749 என்று நின்றது. 90 ஆயிரம் கட்டியிருக்கிறோம், கடன் இரண்டு லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஏறியிருக்கிறது. இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரித் திட்டப்படி கொடுக்கிற வங்கிகள் படிப்புக் காலத்தில் வட்டிக்கு வட்டி இல்லாத தனி வட்டிதான் போடும். அப்படிப் போட்டிருந்தால்கூட 17 ஆயிரம் மிஞ்சியிருக்கும். அதைவிட, அந்தப் பதினெட்டு மாதம் எப்படியாவது முழு வட்டியையும் கட்டியிருந்தால் அசல் 14 லட்சத்திலேயே நின்றிருக்கும். ஒப்பந்தத்தில் எல்லாம் எழுதித்தான் இருந்தது, பதினோராம் பக்கத்தில். பொய் சொன்னார்கள் என்று சொல்லமாட்டேன். "மாசம் ஐயாயிரம்தான்" என்றார்களே, அந்தத் "தான்" இல்லாமல் சொல்லியிருக்கலாம். இங்கே அரை மார்க் போனது.

மார்ச் முதல் தவணை 23,577, பத்து வருடம். முதல் தவணையில் வட்டிக்கே 16,944 போய்விட்டது. அசலில் கழிந்தது 6,633.

இந்த 23,577-ஐ மூன்று பேர் சேர்ந்து கட்ட வேண்டும். தம்பிக்கு அங்கே படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. அவன் படிப்பு முடிந்து வேலை தேடுகிற நேரம் பார்த்து, 2024 ஏப்ரலில், பிரிட்டன் அரசு திறன் தொழிலாளர் விசாவுக்கான சம்பள வரம்பை 26,200 பவுண்டிலிருந்து 38,700-க்கு ஏற்றியது. புதிதாகப் படித்து வந்தவனுக்குச் சலுகை வரம்பு உண்டு, ஆனால் அதுவே 30,960 பவுண்டு. அந்தச் சம்பளம் யார் கொடுப்பார்? ஒரு கிடங்கில் ராத்திரி ஷிஃப்டில் பெட்டி அடுக்கினான். வாடகை போக மிஞ்சியதை அனுப்பினான், சில மாதம் பத்தாயிரம், சில மாதம் நாலாயிரம். என் பங்கு பத்தாயிரம். மீதி அப்பா.

அப்பாவின் பங்குதான் காலத்தோடு ஆடும். ரப்பர் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து மரம் ஓய்வெடுக்கும், வெட்டு நிற்கும். ஜூன், ஜூலையில் ஒரு மழை. அக்டோபர், நவம்பரில் இன்னொரு மழை. மரத்தில் ரெயின்கார்டு என்கிற மழைமறைப்பைக் கட்டினாலும் விடியற்காலை அடைமழையென்றால் கத்தியைத் தொட முடியாது. எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு என்பதைப் பள்ளிக்கூடத்தில் பெருமையாகப் படித்தோம். தவணை கட்டத் தொடங்கிய பிறகுதான் அதன் இன்னொரு அர்த்தம் விளங்கியது. வருடத்தில் நல்ல பால் கிடைக்கிற மாதம் ஏழோ எட்டோ. தவணையோ பன்னிரண்டு. நல்ல மாதத்தில் ஷீட் விற்ற காசில் இரண்டாயிரம் மூவாயிரம் என்று தனிக் கணக்கில் போட்டுவைத்து மழை மாதத்துக்கு எடுப்பது என்று ஏற்பாடு செய்தோம். முதல் வருடம் அதுவும் சரியாக நடக்கவில்லை, ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று ஏதாவது வந்து அதைத் தின்றுவிடும்.

தவணைத் தேதி ஐந்து. என் சம்பளம் பத்து. இந்த ஐந்து நாள் இடைவெளியில் நான் பட்ட பாடு தனி. மூன்றாவது தவணை 2024 மே 5, ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு வங்கிக்கு லீவுதானே, திங்கள் காலையில் போட்டுவிடலாம் என்று இருந்துவிட்டேன். கணக்கில் 19 ஆயிரம்தான் கிடந்தது. கணக்கிலிருந்து தவணையைத் தானாக எடுக்கிற நாச், 2021 ஆகஸ்ட் முதல் எல்லா நாளும் ஓடும், ஞாயிறு, பண்டிகை என்று அதற்கு விடுமுறை கிடையாது. காலையிலேயே பவுன்ஸ். கம்பெனிக்கு 590, என் வங்கிக்கு 295, ஆக 885 ரூபாய். சரி, என் தப்பு. திங்கள் காலையில் முதலாளியிடம் ஐயாயிரம் முன்பணம் வாங்கி ஆப்பில் முழுத் தவணையும் கட்டிவிட்டேன். கட்டிய பிறகும் புதன்கிழமை மறுபடி நாச்சைத் தட்டினார்கள். மறுபடி பவுன்ஸ், மறுபடி 885. இது யார் தப்பு? நாலு மெயில், ஆறு போன். நாற்பது நாளைக்குப் பிறகு இரண்டாவது 590-ஐத் திருப்பித் தந்தார்கள். வங்கி பிடித்த 295 போனது போனதுதான்.

அந்தத் திங்கள்கிழமையே ராத்திரி 7.40 மணிக்கு, மார்த்தாண்டம் மேம்பாலத்துக்குக் கீழே பஸ்ஸுக்கு நிற்கும்போது ஒரு போன். "மேடம் டியூ கட்டலியே, உங்க ஓனர் நம்பருக்குப் பேசட்டுமா?" காலையிலேயே கட்டியாயிற்று என்று சொன்னால் அந்தப் பையனின் திரையில் அது ஏறவில்லையாம். பக்கத்தில் கடைப்பிள்ளைகள் இரண்டு பேர் நிற்கிறார்கள். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. வீட்டுக்குப் போய்த்தான் தேடிப் படித்தேன். வசூலுக்குப் பேசுகிறவர்கள் காலை 8 மணிக்கு முன்னாலும் மாலை 7 மணிக்குப் பிறகும் கூப்பிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சுற்றறிக்கை போட்டிருக்கிறது. மிரட்டுவதும் நாலு பேர் முன்னால் மானத்தை வாங்குவதும் அதிலேயே தடை. தேதி, மணி, பேசிய நம்பர் எல்லாம் போட்டுக் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்பினேன். அப்புறம் அந்த மாதிரிப் போன் வரவில்லை. ஆனாலும் ஒரு மார்க் முழுசாக அன்றைக்கே போய்விட்டது. பவுன்ஸுக்கும் சேர்த்துத்தான் இந்த ஒன்று.

இங்கே ஒருவரை நல்லபடியாகச் சொல்ல வேண்டும். சென்னை கால் சென்டரில் பேசிய ஒரு பெண். தவணைத் தேதியை மாற்றலாம் என்பதே அவர் சொல்லித்தான் தெரியும். அதுவரை யாரும் வாயைத் திறக்கவில்லை. "அக்கா, உங்க சம்பளம் பத்துன்னா பன்னெண்டுக்கு மாத்திக்கோங்க, ஒரு தடவைதான் முடியும்" என்றார். புது நாச் மேன்டேட் கொடுத்து, இரண்டு மாதத்தில் பன்னிரண்டாம் தேதிக்கு மாறியது. இடையில் ஏழு நாள் வட்டி கூடுதலாகப் பிடித்தார்கள், பரவாயில்லை. இந்த மூன்று வருடத்தில் எனக்குத் தூக்கம் வரவழைத்த ஒரே மாற்றம் இதுதான். கடன் வாங்கி இதைப் படிக்கிறவர்கள் முதல் வேலையாகச் சம்பளத் தேதியையும் தவணைத் தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். அந்தப் பெண்ணுக்கு அரை மார்க். ஆப்புக்கும் ஒரு அரை. ஸ்டேட்மென்ட் எப்போது கேட்டாலும் வந்தது, அசல் வட்டி தனித்தனியாகத் தெளிவாக இருந்தது. இந்த விஷயத்தில் ஒளிவுமறைவு இல்லை.

இப்போது பெரிய விஷயம். 2024 அக்டோபரில் தோட்டத்தின் ஓரத்தில் நின்ற 35 கிழட்டு ரப்பர் மரங்களை வெட்டக் கொடுத்தோம். மரக்காரர் ஒரு லட்சம் தந்தார். அப்பா அதை அப்படியே என் கையில் வைத்து, "கடன்ல போட்டுரு மக்களே" என்றார். எட்டாவது தவணை கட்டிய கையோடு ஆப்பில் பகுதிப் பணமாகப் போட்டேன். அடுத்த மாதம் பார்த்தால் தவணை 22,045 ஆகக் குறைந்திருந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம், மாதம் ஆயிரத்து ஐந்நூறு மிச்சம் என்று. நான் கடையில் மத்தியானம் ஆள் இல்லாத நேரம் எக்செலில் போட்டுப் பார்த்தேன். பாக்கி 112 மாதம் இருந்தது. கம்பெனி செய்தபடி தவணையைக் குறைத்து மாதத்தை அப்படியே விட்டால், அந்த ஒரு லட்சத்தால் கடைசிவரை மிஞ்சுவது ஏறத்தாழ 71 ஆயிரம். தவணையை 23,577-லேயே வைத்து மாதத்தைக் குறைக்கச் சொன்னால் 112 மாதம் 99 ஆகிவிடும். பதின்மூன்று மாதம் குறைவு! மிச்சம் இரண்டு லட்சத்துக்கு மேல். அதே ஒரு லட்சம்தான், அதே 35 மரம்தான்.

ஆப்பில் இந்த இரண்டில் எது வேண்டும் என்று கேட்கவே இல்லை. தானாகவே தவணையைக் குறைத்துவிடுகிறது. மாற்றச் சொல்லி மெயில் போட்டால், "சிஸ்டத்தில் அப்படித்தான்" என்று முதல் பதில். நேரில் போகலாமென்றால் நாகர்கோவில் கிளையை அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள், இனிமேல் திருநெல்வேலியாம். குலசேகரத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போய்வர ஒரு நாள் சம்பளமும் பஸ் காசும். போகவில்லை. எழுதி எழுதியே மூன்றாவது மெயிலில், இரண்டு மாதம் கழித்து மாற்றினார்கள். தெரியாமல் விட்டவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள்? ஒரு மார்க் இதற்கு. என்னைக் கேட்டால் இதற்கு இரண்டுகூடக் குறைக்கலாம், ஆனால் கைவசம் அவ்வளவு மார்க் இல்லை.

ஃப்ளோட்டிங் வட்டி பற்றி ஒரு சிரிப்பான விஷயம். 2025 பிப்ரவரி, ஏப்ரல், ஜூன் என்று ரிசர்வ் வங்கி ரெப்போவை, அதாவது வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கிற வட்டியை, 6.50-லிருந்து 5.50-க்கு இறக்கியது. டீக்கடையில்கூட வட்டி குறையுது என்று பேசினார்கள். எங்கள் வட்டி 12.75-லேயே அம்மிக்கல் மாதிரிக் கிடந்தது. கேட்டதற்கு, "எங்கள் வட்டி ரெப்போவோடு கட்டியதல்ல, எங்கள் சொந்த அடிப்படை விகிதத்தோடு கட்டியது" என்றார்கள் கம்பெனிக்காரர்கள். அது உண்மைதான். 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தனிநபர்களுக்குப் புதிதாகக் கொடுக்கிற ஃப்ளோட்டிங் கடனை ரெப்போ மாதிரி வெளி அளவோடு கட்டியாக வேண்டும். இந்தக் கம்பெனி மாதிரி வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. வாங்கும்போது எதோடு கட்டிய வட்டி என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் வீட்டில் இன்னொரு வேலை நடந்துகொண்டிருந்தது. சித்தப்பாமார் இருவரும் சம்மதித்து பாகப்பிரிவினைப் பத்திரம் பதிந்தோம். சர்வேயர் வந்து அளந்து, உட்பிரிவு செய்து, 11 சென்டும் வீடும் அப்பா பெயரில் தனிப்பட்டாவாக வந்தது. பட்டா கைக்கு வந்த வாரமே பழைய மேனேஜர் இருந்த அதே பொதுத்துறை வங்கிக்குப் போனேன். அவர் மாற்றலாகிப் போயிருந்தார். புதியவர், சொத்தை ஈடு வைத்தால் கடனை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம், வட்டி 9.75 என்றார்.

அப்பாதான் தயங்கினார். "வீட்டுப் பத்திரத்த வச்சிட்டு நான் எப்படி நிம்மதியா வெட்டுக்குப் போவேன் மக்களே?" நியாயமான பயம். ஈடு இல்லாத கடனை ஈடுள்ள கடனாக மாற்றுகிறோம், தவறினால் போவது வீடு. மூன்று நாள் அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. நாலாம் நாள் நான் காகிதத்தில் எழுதிக் காட்டினேன். கடன் தீர்ந்து 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் நாளுக்கு 5,000 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும் என்று 2023-இல் வந்த விதியையும் சொன்னேன். அதில் அவர் கொஞ்சம் அசந்துபோனார். வங்கி நமக்குப் பணம் தருமா என்று இரண்டு தடவை கேட்டார். சம்மதித்தார்.

வில்லங்கச் சான்று, லீகல் ஒப்பீனியன், வேல்யூவேஷன், பத்திரம் ஒப்படைத்ததற்கான பதிவு எல்லாம் சேர்ந்து 27 ஆயிரம் ஆனது. வங்கிக்கு ஐந்து நடை, ஒவ்வொரு நடைக்கும் ஒரு புதுத் தாள். ஒன்பது நாள் கம்பெனியின் அருமை அப்போது தெரிந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே ஏழு வாரம்.

இனி முடிக்கிற கணக்கு. கம்பெனியிடம் பாக்கித் தொகைக்கான ஃபோர்குளோஷர் லெட்டர் கேட்டேன். பதினோரு நாள் இழுத்தார்கள். பாக்கி 13,56,100, நாளொன்றுக்கு வட்டி 474 ரூபாய். நாள் தள்ளத் தள்ள யாருக்கு லாபம் என்று சொல்ல வேண்டியதில்லை. லெட்டர் வந்தபோது கீழே ஒரு வரி: முன்கூட்டி முடிப்பதற்கு இரண்டு சதவீதம், ஜிஎஸ்டியோடு 32,004 ரூபாய். தனிநபர் தொழிலல்லாத காரியத்துக்கு வாங்கிய ஃப்ளோட்டிங் வட்டிக் கடனை முன்கூட்டி அடைத்தால் கட்டணம் வாங்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2014-லேயே வங்கிக்கும் இந்த மாதிரிக் கம்பெனிகளுக்கும் சொல்லிவிட்டது. 2019-இல், இணைக் கடன்தாரர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இதுதான் என்று மறுபடி தெளிவாக்கினார்கள். இரண்டு வருடத்தையும் குறிப்பிட்டு, 30 நாளில் சரியாகாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரான ஆம்புட்ஸ்மேனுக்குப் போவேன் என்று நாலே வரியில் மெயில் போட்டேன். நாலாவது நாள் புது லெட்டர் வந்தது, கட்டணம் பூஜ்யம். "சிஸ்டம் எரர், வருந்துகிறோம்." இந்த சிஸ்டம் எப்போது தவறினாலும் கம்பெனிப் பக்கம் சாய்ந்துதான் தவறுகிறது. கடைசி அரை மார்க் இங்கே போயிற்று.

புது வங்கியில் ஒப்பந்தத் தவணை 20,399, எட்டு வருடம். நாங்கள் பழையபடி 23,577-ஐத்தான் கட்டுகிறோம். மேலதிகமாகப் போகிற 3,178 அசலில் கழியும், எட்டு வருடம் ஆறரை வருடமாகச் சுருங்கும். கம்பெனியிலேயே இருந்திருந்தால் அதே தொகையில் ஏழரை வருடம் ஆகியிருக்கும். ஆனால் இதில் எனக்குப் பிடித்தது சுருங்குவது அல்ல. போன நவம்பரில் பத்து நாள் விடாமல் மழை, அப்பா ஒரு நாள்கூடத் தோட்டத்துக்குப் போகவில்லை. அந்த மாதம் 20,399 மட்டும் கட்டினோம். பவுன்ஸ் இல்லை, போன் இல்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு சின்ன விஷயம், கேட்கிறவர்கள் கேட்பார்கள் என்பதால். வருமான வரியில் கல்விக் கடன் வட்டிக்கு எட்டு வருடம்வரை கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் மட்டும். அதிலும் தனக்கு, கணவன் மனைவிக்கு, பிள்ளைக்கு, சட்டப்படி காப்பாளராக இருக்கிற மாணவருக்கு வாங்கிய கடன் என்றால்தான். தம்பிக்காகக் கட்டுகிற அக்காவுக்குக் கிடையாது. என் சம்பளத்துக்கு வரியே இல்லை என்பது வேறு. இன்னொன்று, இணைக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் முழுக்க உங்கள் சிபில் கடன் ரிப்போர்ட்டிலும் நிற்கும். ஸ்கூட்டி லோன் கேட்கப் போனபோதுதான் எனக்கு அது உறைத்தது. என் பெயரில் 15 லட்சம் கடன் என்று அந்த ஷோரூம் பையன் என்னை மேலும் கீழும் பார்த்தான். கடன் முடிந்த பிறகு ரிப்போர்ட்டில் மூடியதாக வந்திருக்கிறதா என்று பாருங்கள். சிபில் மாதிரியான ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் வருடத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாகத் தர வேண்டும். எனக்கு நவம்பர்வரை பாக்கி என்றே காட்டியது, புகார் போட்ட பிறகு மாறியது.

தம்பி திரும்பி வந்துவிட்டான். கொச்சியில் ஒரு ஷிப்பிங் கம்பெனியில் வேலை, 32 ஆயிரம். ஜனவரி முதல் தவணையில் பாதிக்கு மேல் அவன் கட்டுகிறான்.

இன்னொரு பாக்கி இருக்கிறது. அந்த 22,000 ரூபாய் இன்ஷூரன்ஸ் பாலிசி. கடன் முன்கூட்டி முடிந்தால் மீதிக் காலத்துக்கு உரிய பங்கு திரும்பும் என்று பாலிசித் தாளில் பொடி எழுத்தில் இருக்கிறது. கேட்டால் இன்ஷூரன்ஸ் கம்பெனியைக் கேளுங்கள் என்கிறார்கள், அவர்கள் கடன் கொடுத்தவரைக் கேளுங்கள் என்கிறார்கள். மெயில் போட்டு இன்றோடு இருபத்தாறு நாள். அந்தப் பணம் வந்தால் அரை மார்க் கூட்டி இரண்டரை என்று திருத்திவிடுகிறேன்.